ஆண்கள் தின்னக்கூடாத கொழுக்கட்டை

ரேஷன் கடையில் அரிசிக்குப் பதிலாகக் கோதுமை போட்ட காலம் என் வயதுக்காரர்களுக்கு மறந்திருக்காது. அதை என்ன செய்வதென்று தெரியாமல் நம் அம்மைமார் இடித்துக் கஞ்சியாகக் காய்ச்சினார்கள். சூடாக இருக்கும்போது சுவரொட்டிப் பசை மாதிரி இருக்கும். ஆறினால் மேலே தோல் கட்டும். மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்த நாம்தான் இன்று பேரப்பிள்ளைகளுக்குச் சப்பாத்தி சுட்டுப் போடுகிறோம்.

நான் சொல்லப் போவது அந்தக் காலத்து ஓர் ஆடி மாதம். திருவனந்தபுரத்தில் ஆடி என்றால் மழை. மலையாளத்தார் அதைக் கர்க்கடகம் என்பார்கள், பஞ்ச மாதம் என்பார்கள். வெயிலும் இல்லை, வேலையும் இல்லை, துணியும் காயாது. உங்கள் வீடுகளிலும் அப்படித்தான் இருந்திருக்கும். அப்போது நாம் யாரும் யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

ஆரியசாலையில் ஒரு சந்துக்குள் எங்கள் வீடு. அப்பா அரிசி மண்டியில் எடை போடுகிறவர். நாஞ்சில் நாட்டிலிருந்து வருகிற அரிசியை எல்லையில் சோதனைச் சாவடி போட்டுத் தடுத்துவிட்டார்கள். மண்டியில் மூட்டை இல்லாமல் போயிற்று. மூட்டையே இல்லாத இடத்தில் எடை போடுகிறவருக்கு என்ன வேலை? ஆனாலும் அப்பா தினமும் காலையில் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு புறப்படுவார். பூட்டிக் கிடக்கும் மண்டியின் படியில் போய் உட்கார்ந்திருப்பார். மற்றக் கடைகள் அடைக்கிற நேரத்துக்கு, களைத்துப் போனவர் மாதிரி திரும்பி வருவார். அம்மை செம்பில் தண்ணீர் கொடுப்பாள். இன்றைக்கு என்ன ஆயிற்று என்று அவளும் கேட்க மாட்டாள், அவரும் சொல்ல மாட்டார்.

அண்ணனுக்கு அப்போது பதினைந்து வயது. குரல் உடைந்து, மணிக்கட்டு சட்டைக் கைக்கு வெளியே நீண்டுவிட்ட வயது. எனக்கு அவனைவிட இரண்டு வயது குறைவு. அஞ்சாம் வகுப்போடு என்னை நிறுத்திவிட்டார்கள். அவன் ஹைஸ்கூலுக்குப் போய்க்கொண்டிருந்தான்.

சாப்பிடும்போது அப்பாவுக்கும் அண்ணனுக்கும் முதலில். அப்புறம் எனக்கு. அம்மை எப்போது சாப்பிட்டாள் என்று நான் பார்த்ததில்லை, பார்க்கவேண்டும் என்று தோன்றியதும் இல்லை. அவளிடம் ஒரு வித்தை இருந்தது. பானையில் எவ்வளவு குறைவாக இருந்தாலும் கரண்டி அடியில் உரசுகிற சத்தம் கேட்காமல் எடுப்பாள். அந்தச் சத்தம் கேட்டால் அப்பா கையைக் கழுவி எழுந்துவிடுவார். அண்ணன் மட்டும் காதைத் தீட்டிக்கொண்டு இருப்பான். சத்தம் வரவில்லையே, இன்னும் இருக்கிறதோ என்று தட்டைக் கொஞ்சம் முன்னால் தள்ளுவான். அம்மை பார்க்காத மாதிரி எழுந்து தண்ணீர் எடுக்கப் போவாள்.

பல நாள் மரச்சீனி என்கிற மரவள்ளிக்கிழங்குதான். நம் ஆட்கள் அதைச் சாப்பாடு என்று ஒப்புக்கொள்ளாத காலம். கதவைச் சாத்திவிட்டு அவிப்பாள். தோலை முந்தானையில் மறைத்துக்கொண்டுபோய்த் தெருக்கோடி மாட்டுக்குப் போடுவாள்.

வளர்கிற பிள்ளைகளின் வயிறு சும்மா இருக்குமா? அண்ணன் பள்ளிக்கூடம் விட்டதும் சாலைக் கடைத்தெருவைச் சுற்றிக்கொண்டு வருவான். கொப்பரை இறக்குகிற இடத்தில் சிதறியது, வெல்லச் சாக்கில் ஒட்டியிருந்தது, புளியங்கொட்டை எல்லாம் அவன் கால்சட்டைப் பையில் இருக்கும். புளியங்கொட்டையை அடுப்புச் சாம்பலில் புதைத்துச் சுட்டுத் தருவான். ஒன்றை வாயில் போட்டால் சாயங்காலம் முழுக்க ஓடும். எனக்கு வேறு ஒரு பழக்கம். விட்டுப்போன பள்ளிக்கூடத்துச் சிலேட்டுக் குச்சிகள் ஒரு தகர டப்பாவில் கிடந்தன. அதைக் கடித்துத் தின்பேன். நறநறவென்று, மழை பட்ட மண்ணைப் போல ஒரு ருசி. யாரும் இல்லாதபோது அடுப்புச் சாம்பலும் தின்றிருக்கிறேன். உடம்பு எதையோ கேட்கிறது என்று சொல்லிக்கொடுக்க யார் இருந்தார்கள்? டப்பா காலியானதைப் பார்த்து அம்மை, “குச்சிய எலி தின்னிருக்கும்” என்றாள்.

பின்பக்கச் சுவருக்கு அந்தப் பக்கம் மலையாள வீடு. அந்த வீட்டுச் சேச்சியின் முருங்கை மரம் ஒரு கிளையை எங்கள் பக்கம் நீட்டிக்கொண்டிருந்தது. ஆடி பிறக்கும்வரை அந்தக் கிளைதான் எங்களுக்குக் குழம்பும், துவரன் என்கிற பொரியலும். மாதம் பிறந்த அன்று அம்மை இலையை உருவப் போனபோது சேச்சி சுவருக்கு மேல் தலையை நீட்டினாள்.

“அய்யோ, கர்க்கடகத்தில் முரிங்ஙயில தொடருதே! விஷமாணு.”

ஆடியில் முருங்கை இலையில் விஷம் ஏறும் என்பது அவர்கள் நம்பிக்கை. அம்மைக்கும் அது சரியாகவே பட்டது. கையிலிருந்த கொத்தை அப்படியே கீழே போட்டாள். மழை பட்டு அந்தக் கிளை கரும்பச்சையாகத் தழைத்துக்கொண்டு எங்கள் முற்றத்தில் தொங்கியது. நாள்தோறும் அதைப் பார்த்துக்கொண்டே வெறும் கிழங்கைத் தின்றோம்.

ஆடிச் செவ்வாய் நோன்பு உங்களுக்குத் தெரியும். தெரியாத ஆண்களுக்காகச் சொல்கிறேன். பெண்கள் மட்டும் கூடிப் பிள்ளையார் பிடித்து, பச்சரிசி மாவில் உப்பில்லாமல் கொழுக்கட்டை செய்து, கதை சொல்லி, அங்கேயே தின்று முடிக்க வேண்டும். ஆண் கண்ணில் படக்கூடாது. மிஞ்சியதை ஓடுகிற தண்ணீரில் கரைத்துவிட வேண்டும். பல இடங்களில் ஆண்கள் தூங்கிய பிறகு செய்வார்கள். எங்கள் சந்தில் ஆண்கள் எல்லோரும் கடைகளில் இருப்பதால் சாயங்காலத்துக்குள் முடித்துவிடுவார்கள்.

நடப்பது மாடிவீட்டு அத்தை வீட்டில். சொந்த அத்தை இல்லை, சந்தில் மாடி உள்ள ஒரே வீட்டுக்காரி. அவர்களுக்கு ஊரில் வயல் உண்டு. அரிசி எப்படியோ வந்துகொண்டிருந்தது. ஆனாலும் நோன்புக்கு வீட்டுக்கு ஒரு பிடி அரிசி சேர்க்க வேண்டும் என்பது முறை. அத்தையே சுளகோடு வாசலில் வந்து நிற்பாள். அம்மை உள்ளே போய்க் கை நிறைய எடுத்துவந்து போடுவாள். அதை எடுத்த பானையில் அப்புறம் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியும்.

“எல்லாரும் கேட்டுக்கிடுங்க” என்று அத்தை தொடங்குவாள். “அப்பன், அண்ணன், தம்பி, மடியில கெடக்க ஆம்பிளப் பிள்ள, ஒருத்தன் கண்ணுலயும் படப்பிடாது. உங்க வீட்டுப் பூன கடுவனா இருந்தா அதையும் வெரட்டிருங்க.”

“பட்டா என்னாவும் அத்த?” என்று ஒரு பெண் கேட்டாள்.

“கண்ணு அவிஞ்சு போவும். எங்க ஊர்ல ஒருத்தன் கதவிடுக்குல எட்டிப் பாத்தான். இப்பவும் கம்ப ஊனிட்டு நடக்கான். வேணும்னா போயிக் கேளு.”

எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. எனக்குச் சொன்னதையெல்லாம் நம்புகிற புத்தி.

அந்தச் செவ்வாய்க்கிழமை நான் தின்றேன். வாழையிலை மணமும் ஆவியும் முகத்தில் அடிக்க, வெள்ளை வெளேரென்ற கொழுக்கட்டை. உப்பில்லாவிட்டால் என்ன? தேங்காய்ப் பல் கடிபடும்போது ஒரு இனிப்பு வரும். நிறுத்தச் சொல்ல யாரும் இல்லை. மிச்சம் வைக்கக் கூடாது என்பதுதானே நோன்பு? “தின்னுட்டி, தின்னு” என்று அத்தையே தள்ளிவிட்டாள். அம்மை தன் பங்கையும் என் இலைக்கு நகர்த்தினாள்.

அப்படியும் மிஞ்சிவிட்டது. அந்த வாரம் கிள்ளியாற்றில் கரைக்கிற முறை எங்கள் வீட்டுக்கு. பித்தளைத் தூக்குவாளியில் போட்டு மூடி, மேலே துணி கட்டி எடுத்துவந்தோம். வீட்டுக்குள் வரவும் மழை பிடித்துக்கொண்டது.

“மழ விட்டதும் போவோம்” என்றாள் அம்மை. “நான் அத்த வீட்டுப் பாத்திரத்தத் தேச்சுக் குடுத்துட்டு வாறேன். நீ இதுக்குக் காவலிரு. தொட விடாத.”

அடுக்களை மூலையில் வாளியைக் கால்களுக்கு நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் அண்ணன் நனைந்துகொண்டு வந்தான். சட்டை முதுகோடு ஒட்டி, விலா எலும்பு ஒவ்வொன்றும் தெரிந்தது. வாசலிலேயே நின்று மூக்கை உறிஞ்சினான்.

“என்னட்டி அது?”

“ஒண்ணுமில்ல.”

“ஒண்ணுமில்லாததுக்கு எதுக்குத் துணி கெட்டி வச்சிருக்கு?”

“நோன்புக்கு உள்ளது. கிட்ட வராதண்ணே. கண்ணு போயிரும்.”

அவன் என் எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது.

“நீ தின்னியா?”

“தின்னேன்.”

“வயிறு நெறய?”

நான் தலையாட்டினேன்.

“கொள்ளாம், நல்ல ஞாயம்” என்றான். “வயிறு நெறஞ்சவ காவலு, வயிறு காஞ்சவன் கள்ளன்.”

அதற்கு மேல் என்னால் தடுக்க முடியவில்லை. அவன் சொன்னது உண்மை. என் வயிறு நிறைந்திருந்தது. நிறைந்த வயிற்றோடு அவனைப் பார்த்துத் தின்னாதே என்று சொல்ல வாய் வரவில்லை. துணியை அவிழ்த்தான்.

“பிள்ளையாரு ஆணா, பொண்ணா?”

“ஆணு.”

“அவருக்குப் படைச்சது தானே? அவருக்குக் கண்ணு போச்சா?”

சிரித்துக்கொண்டுதான் முதல் கொழுக்கட்டையை எடுத்தான். அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு தின்றான். பார்க்காமல் தின்றால் குற்றம் குறையும் என்று நினைத்தானோ என்னவோ. மெல்லுகிற சத்தத்தைத் தவிர மழைதான் கேட்டது. ஒரு இடத்தில் நிறுத்தி, கண்ணைத் திறந்து, கையில் இருந்ததைப் பார்த்தான்.

“அப்பாக்கு ஒண்ணு எடுத்து வைக்கட்டா?” என்றான். பிறகு அவனே, “வேண்டாம். அவருக்குத் தராசு முள்ளு பாக்கணும்லா” என்று அதையும் வாயில் போட்டுக்கொண்டான்.

அடியில் உடைந்த துண்டுகள் கொஞ்சம் மிஞ்சின. துணியை முன்னிருந்த மாதிரியே கட்டினான். மழை விட்டதும் அம்மையும் நானும் ஆற்றுக்குப் போனோம். கலங்கிச் சுழித்து ஓடிய தண்ணீரில் அம்மை வாளியைக் கவிழ்த்தாள். கண்ணை மூடிக்கொண்டு என்னவோ வேண்டினாள். அவள் ஒன்றும் கேட்கவில்லை. தப்பித்தோம் என்று நினைத்தேன்.

அடுத்த வாரமே தொடங்கியது.

அப்பா அண்ணனுக்கு ஒரு பலசரக்குக் கடையில் சாயங்கால வேலை பிடித்துக் கொடுத்திருந்தார். பொட்டலம் மடித்துக் கட்டுகிற வேலை. சம்பளத்தைவிடப் பெரிய காரியம், சாயாவும் ஒரு வடையும் உண்டு. வடையில் பாதியைத் தாளில் மடித்து எனக்குக் கொண்டுவருவேன் என்று சொல்லியிருந்தான். வேலைக்குப் போன சில நாளிலேயே, விளக்கு வைக்கிற நேரத்தில், நடுவழியில் இருந்த நல்லெண்ணெய் டின்னில் முட்டி அதைக் கவிழ்த்துவிட்டான். முதலாளி அனுப்பிவிட்டார். வருகிற வழியில் ஓடையில் விழுந்து, முழங்கால் கிழிந்து, சேறும் எண்ணெயுமாக வந்து நின்றான்.

“கண்ணு பொடதியிலயா இருக்குலே?” என்று அப்பா பாய்ந்தார்.

“இருட்டா இருந்துப்பா.”

“இருட்டா? எனக்குத் தெரியுது, ஊருக்கெல்லாம் தெரியுது, தொரைக்கு மட்டும் இருட்டு! வேல செய்ய மடி. வேறென்ன?”

அடித்தார். அண்ணன் கையை மேலே தூக்கித் தடுக்கவில்லை. அடி எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்றே அவனுக்குத் தெரியவில்லை. அதை அப்பா திமிர் என்று நினைத்து இன்னொன்று வைத்தார். இப்போது நினைத்தாலும் அந்த இரண்டாவது அடிதான் எனக்கு வலிக்கிறது.

மறுநாள் பகலில் கொல்லைப்புறத்தில் கேட்டேன். “இப்ப தெரியுதா?”

“இப்ப நல்லா தெரியுது. பொழுது சாஞ்சாத்தான். வெளக்க ஏத்துனா அதச் சுத்தி மஞ்சளா ஒரு வட்டம் தெரியும். மத்தது எல்லாம் கறுப்பு.”

“அதுதானாண்ணே?”

“எது?”

“கொழுக்கட்ட.”

“சும்மா கெட” என்றான். பிறகு, “யார்ட்டயாவது சொன்ன, கொன்னுருவேன்.”

ஆனால் அன்று சாயங்காலம் கொல்லைக்குப் போகும்போது என் சடையின் நுனியைப் பிடித்துக்கொண்டு பின்னால் வந்தான். முன்பெல்லாம் சடையை இழுத்தால் கத்துவேன். அன்று மெதுவாக நடந்தேன்.

சொல்லாவிட்டால் சரியான பரிகாரம் செய்ய முடியாமல் அண்ணனுக்குப் பகலிலும் கண் போய்விடும். சொன்னால் நோன்பைக் கெடுத்த வீடு என்று சந்தே எங்களை ஒதுக்கும், அப்பா அவனை உரித்துவிடுவார். தூங்கி எழுந்ததும் முதலில் அவன் முகத்துக்கு முன் கையை ஆட்டிப் பார்ப்பேன். “பேத்தனம் காட்டாத” என்று கையைத் தட்டிவிடுவான். தட்டிவிட்டால் அன்றைக்குக் கண் இருக்கிறது என்று அர்த்தம்.

அம்மைக்கு அது மடியும் சோம்பலும் இல்லை என்று தெரிந்துபோயிற்று. ஒருநாள் அவனை உட்காரவைத்துக் கேட்டாள்.

“நேர்ச்ச வைக்கணும்னா என்ன குத்தம்னு தெரியணும் மக்கா. நோன்பு அன்னைக்கு மாடிவீட்டுப் பக்கம் எட்டிப் பாத்தியாலே?”

“இல்லம்மா.”

அது பொய்யில்லை. அவன் எட்டிப் பார்க்கவில்லையே. அம்மை என்னைப் பார்த்தாள். நான் அடுப்பை ஊதினேன்.

என்ன குற்றம் என்று தெரியாமலே பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் விடுவதாக நேர்ந்துகொண்டாள். அந்தச் சமயம் யாரோ கொடுத்த ஒரு முற்றின தேங்காய் வீட்டில் இருந்தது. அதைத் துருவிக் கிழங்கோடு போடுவாள் என்று நானும் அண்ணனும் இரண்டு நாளாக அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். கோயில் முன்னால் அவனையே ஓங்கி எறியச் சொன்னாள். பட்டென்று உடைந்து, வெள்ளைத் துண்டுகள் மழைத் தண்ணீரில் தெறித்தன. ஒன்று அண்ணனின் கால்பெருவிரலுக்குப் பக்கத்தில் வந்து விழுந்தது. பகல் வேளை, நன்றாகத் தெரிந்தது அவனுக்கு. சாமிக்கு விட்டதைக் குனிந்து எடுக்க முடியுமா? அதைப் பார்த்து எச்சிலை விழுங்கினான். நானும் விழுங்கினேன். அம்மை கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டிருந்தாள்.

பிறகும் குணமாகவில்லை. ஒருநாள் சாயங்காலம் அவன் கொடியில் கிடந்த ஈரவேட்டிக்குள் நேராக நடந்து முகம் சுற்றிக்கொண்டு நின்றதைப் பின்வீட்டுச் சேச்சி சுவருக்கு அப்பாலிருந்து பார்த்துவிட்டாள்.

“இது மாலக்கண்ணாணு கேட்டோ. ஆஸ்பத்ரியில் கொண்டு காணிக்கணும்” என்றாள் அம்மையிடம்.

ஆஸ்பத்திரி என்றால் அம்மைக்குப் பயம். யாரிடம் போய் என்ன கேட்பது என்று தெரியாது. மாடிவீட்டு அத்தைக்குத்தான் எல்லா இடமும் பழக்கம். “நான் வாறேன், பயப்படாத” என்று பட்டுக்கரைச் சேலை கட்டிக்கொண்டு அத்தை முன்னால் நடந்தாள். வீட்டில் என்னைத் தனியாக விட முடியாததால் நானும் போனேன்.

ஒரு பெண் டாக்டர். மலையாளத்தில்தான் பேசினார். எனக்கு நினைவிருக்கிற மாதிரி நம் பேச்சிலேயே சொல்கிறேன். அண்ணனின் இமையை விரித்து, சின்ன விளக்கை அடித்துப் பார்த்தார்.

“பையன் என்ன சாப்பிடுவான்?”

அம்மை பக்கத்தில் நின்ற அத்தையை ஒரு தடவை பார்த்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

“மூணு நேரமும் சோறுதான் டாக்டரே. பருப்பு, நெய்யி. தீயல், எரிசேரி, ஏதாவது ஒரு கூட்டான். தயிரு இல்லாம எந்திரிக்க மாட்டான்.”

அம்மை சொல்லச் சொல்ல எனக்கு வாயில் தண்ணீர் ஊறியது. அவ்வளவும் பொய் என்று தெரிந்தும் ஊறியது.

டாக்டர் விளக்கை அணைத்துவிட்டுச் சொன்னார். “சத்துக் குறைவால் வந்ததென்றால் பயமில்லை, மருந்து கொடுத்தால் மாறிவிடும். இப்படிச் சாப்பிடுகிற பிள்ளைக்கு வந்தால் அது வேறே. கண்ணுக்கு உள்ளே இருக்கிற கோளாறு. அதற்கு மருந்து கிடையாது.”

அம்மையின் வாய் திறந்தது. சொல்லிவிடுவாள் என்று நினைத்தேன். அத்தை “ஐயோ பாவம்” என்று உச்சுக்கொட்டினாள். அம்மையின் வாய் மூடிக்கொண்டது. அண்ணன் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

நாலு பேர் முன்னால் நான் பேசினதே இல்லை. என் குரல் எனக்கே வேறு யாருடையதோ மாதிரி கேட்டது.

“அவன் கொழுக்கட்ட தின்னான். நோன்புக் கொழுக்கட்ட.”

அத்தை நெஞ்சில் கையை வைத்துக்கொண்டாள். “என்னது? எட்டீ, என்ன சொன்ன?”

டாக்டர் அவளைக் கையமர்த்திவிட்டு என் பக்கம் குனிந்தார். “எவ்வளவு தின்றான்?”

“வாளியில இருந்தது எல்லாம்.”

“அப்படியா! ஏன் அவ்வளவு?”

“அன்னைக்கு வேற ஒண்ணும் தின்னல்ல.”

“அதற்கு முந்தின நாள்?”

“மரச்சீனி. காந்தாரி மொளகு போட்டு.”

“அதற்கும் முந்தி?”

“கோதுமக் கஞ்சி. பிறவும் மரச்சீனி.”

“கீரை? மோர்?”

நான் இல்லை என்று தலையாட்டினேன். அம்மையின் விரல்கள் என் தோளில் நகம் பதிய அழுந்தின. வலித்தது. நான் கத்தவில்லை.

“அந்தக் கொழுக்கட்டையால இல்லியே டாக்டரே? கண்ணு போவது?”

டாக்டர் சிரிக்கவில்லை. “அது இன்னும் கொஞ்சம் கிடைத்திருந்தாலும் நல்லதுதான்” என்றார். ஒரு குப்பியை எடுத்து மேசைமேல் வைத்தார். “மீனெண்ணெய். தினமும் ஒரு கரண்டி.”

“நாங்க சைவமாக்கும்” என்றாள் அம்மை, சொல்லவா வேண்டாமா என்கிற குரலில்.

“கண்ணுக்குச் சைவம் அசைவம் தெரியாது அம்மா. முருங்கை இலையும் கொடுங்கள்.”

“கர்க்கடகத்துல…”

“எல்லா மாதத்திலும் கொடுங்கள்.”

வெளியே வந்து வீட்டுக்கு நடந்தோம். அத்தை நோன்பைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை, அது எனக்கு இன்னும் ஆச்சரியம்தான். சந்து முனை வந்ததும் நின்றாள்.

“எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்லா?” என்றாள் அம்மையிடம்.

“எப்ப அத்த? நீங்க பிடியரிசிக்கு வாசல்ல வந்து நிக்கும்போதா?”

அத்தை தலையைக் குனிந்துகொண்டு தன் வீட்டுப் படியேறினாள். எங்கள் வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்தியதும் அம்மை என் பக்கம் திரும்பினாள்.

“வீட்டு வயித்த ஊரு முன்னால அவுத்துக் காட்டிட்டியேட்டீ” என்றாள். அடிப்பாள் என்று கண்ணை மூடினேன். அடிக்கவில்லை. அடுக்களைக்குள் போய்ச் சுவரைப் பார்த்து நின்றாள்.

அன்று அப்பா பொழுதோடே வந்துவிட்டார். வந்ததும் இன்னொரு வழக்கு. “மீனெண்ணயா? என் அடுக்களைக்குள்ளயா?”

“அடுக்களைல வேண்டாம். முத்தத்துல வச்சுக் குடுக்கேன். பிறவு குளிச்சிருவான்.”

“நம்ம குடும்பத்துல இதுவர…”

“இதுவர ஒருத்தனும் கண்ணு தெரியாம அடி வாங்கல்ல” என்றாள் அம்மை. அப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பி உட்கார்ந்தார். முற்றத்துக்கு முதுகைக் காட்டித்தான் உட்கார்ந்தார்.

மழை விட்டு, வானத்தில் ஒரு சாம்பல் வெளிச்சம் மிச்சம் இருந்தது. அண்ணன் கையால் சுவரைத் தடவிக்கொண்டு வந்து துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்தான். அம்மை குப்பியின் அடைப்பைத் திறந்தாள். அந்த வாடை முற்றம் முழுக்க ஏறியது. “அய்ய, நாறுது” என்று அண்ணன் மூக்கைப் பொத்தினான். நான் கரண்டியை நீட்டினேன். அம்மை குப்பியைச் சரித்தாள்.

எண்ணெய் கரண்டியில் விழவில்லை. அதற்கு ஒரு விரற்கடை தள்ளிக் கல்லின்மேல் விழுந்து மண்ணுக்கு வழிந்தது. அம்மை ஊற்றிக்கொண்டே இருந்தாள். அண்ணன் வாயைத் திறந்துகொண்டு காத்திருந்தான். என் கண்களுக்கு மட்டும்தான் தெரிந்தது.

நான் அவள் மணிக்கட்டைப் பிடித்துக் கரண்டிக்கு நேரே கொண்டுவந்தேன். கரண்டி நிறைந்தது. அண்ணன் குடித்தான். ஓங்கரித்தான், ஆனால் விழுங்கிவிட்டான். எழுந்து வாய் கொப்பளிக்கக் கிணற்றடிப் பக்கம் தடவித் தடவிப் போனான்.

“எத்தன நாளாம்மா?” என்றேன் மெதுவாக.

“போட்டீ. கை தவறிட்டு.”

நான் இன்னொரு கரண்டி ஊற்றி அவள் வாய்க்கு நேரே பிடித்தேன். எதிரில் இருப்பது அவளுக்குத் தெரியவில்லை. வாடைதான் தெரிந்திருக்க வேண்டும், முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“எனக்கு என்னத்துக்கு. அது அவனுக்கு உள்ளது. தீந்து போவும்.”

நான் கரண்டியை எடுக்கவில்லை. என் கை வலிக்கத் தொடங்கியது. உள்ளே அப்பா செருமுகிற சத்தம் கேட்டது. அம்மை வாயைத் திறந்தாள். பிறந்ததிலிருந்து மீன் வாடை பட்டிராத வாய். விழுங்கிவிட்டுக் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள், துப்பவில்லை. கல்லில் வழிந்திருந்ததை நான் காலால் மண்ணைத் தள்ளி மூடினேன்.

“குடிச்சானா?” என்று உள்ளேயிருந்து அப்பா கேட்டார்.

அம்மை முந்தானையால் தன் வாயைத் துடைத்துக்கொண்டு, “குடிச்சான்” என்றாள்.